அம்மாவுக்கு 300 மீட்டர், சித்திக்கு 50 மீட்டர்

போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல மஸ்கட்டிலிருந்து அம்மாவுக்கு போன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு 'டொம்' சத்தம். "ஒண்ணும் இல்ல மக்களே, பாறையில வெடி வைக்கான். செவுத்துல உள்ள கீறல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார், ஏதோ மழை பெய்கிறது என்பதுபோல.

எங்களுக்குப் பனச்சமூடு பக்கம். கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றுவிட்டது. கல்யாணம், சாவு, சந்தை எல்லாம் இன்றும் இரண்டு பக்கமும்தான். அம்மா இந்தப் பக்கம், சித்தி வெள்ளறடையில்.

அம்மா கேட்ட வெடி எல்லைக்கு அப்புறம் உள்ள ஒரு குவாரியில். இங்கே ஓர் ஆபீசில் மனு கொடுத்தால், "அது கேரளாவாக்கும், நாங்க என்ன செய்ய?" என்றார்கள். கல்லுக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது. 2015 டிசம்பரில் வேலை தொடங்கி 2025 மே 2-ல் திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் சுமார் 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புக்கு, குமரி மாவட்டத்துப் பாறையும்தான் லாரி லாரியாகப் போனது.

சட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு சிறு கனிம விதிகள், குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்கின்றன. கேரளாவில் 2017-ல் இந்த இடைவெளியை 100 மீட்டரிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். 2020 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், வெடி வைத்தால் 200 மீட்டர், வைக்காவிட்டால் 100 என்று சொன்னது. உடனே அது கோர்ட் கோர்ட்டாக ஏறியது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். அக்காவின் நெஞ்சுக்கு 300 மீட்டர், தங்கச்சியின் நெஞ்சுக்கு 50 மீட்டரா?

குவாரியை இழுத்து மூடு என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லும் யோக்கியதையும் எனக்கில்லை. நான் இங்கே கட்டுமான கம்பெனியில் குவாண்டிட்டி சர்வேயர். மாதாமாதம் ஜல்லி எத்தனை கன மீட்டர் என்று எண்ணித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஊரில் நான் கட்டிய மாடி வீட்டுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் அக்கம்பக்கத்து குவாரிகளிலிருந்துதான் வந்தன. அன்றைக்கு லோடு என்ன விலை என்று கேட்டேன். எங்கே உடைத்தது, பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஆனால் ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறது.

1. அதிர்வை அளக்கலாம். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-லேயே வரம்பு சொல்லியிருக்கிறது. சாதாரண வீடுகளில் அதிர்வு, அதன் அலைவெண்ணைப் பொறுத்து, வினாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அளக்கும் கருவியை நம் வீட்டு வாசலில் வைத்து, கணக்கைப் பஞ்சாயத்தில் ஒட்டட்டும்.

2. கிரஷருக்கு மூடியும் தண்ணீர்த் தெளிப்பும், லாரிக்குத் தார்ப்பாயும் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூசை விடத் தெரியாத சிலிக்கா தூசுதான் நுரையீரலில் தங்கும். சிலிக்கோசிஸ் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது அங்கே கல் உடைக்கும் தொழிலாளிதான்.

3. எல்லைக் கிராமங்களுக்காவது ஒரே தூரம் வேண்டும், இரண்டில் பெரியது எதுவோ அது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கலெக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து மனு வாங்கட்டும்.

"நீ வெளிநாட்டில் ஏசியில் உட்கார்ந்து பேசுவாய், இங்கே நாலு பேருக்கு வேலை போகும்" என்று மச்சான் திட்டினார். நியாயம்தான். ஆனால் தண்ணீர் தெளித்தால் யாருக்கு வேலை போகும்? தெளிக்க இன்னும் இரண்டு பேரைத்தானே வைக்க வேண்டும்!

அம்மாவிடம் இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கீறலின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து மனு எழுத அது ஆதாரம்.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பும் நண்பர்களே, அடுத்த லோடு ஜல்லி இறங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்தப் பாறை, யார் வீட்டுப் பக்கம்? காசு நம்முடையது. கேட்கும் உரிமையும் நமக்குத்தான், பொறுப்பும் நமக்குத்தான்.