பெட்டியில் வராத வண்டி

"என்ன தம்பி, முதுகலை இயற்பியல் படிக்கிறாய், அறையில் உட்கார்ந்து பொம்மைக் கார் செய்கிறாயாமே!"

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து அண்ணன் ஒருவர் பலர் நடுவே என்னை இவ்வாறு கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர் கேட்டது விளையாட்டாகத்தான். எனினும், படித்தவன் கையால் ஒன்றைச் செய்வது அவனுக்குத் தகாது என்னும் எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தது. அன்று வாயால் சொல்லத் தெரியாத விடையை இன்று எழுத முற்படுகிறேன்.

முதலில், நாங்கள் செய்வது இன்னது என்று கூறிவிடுகிறேன். இந்தத் தில்லி மாநகரில், எங்கள் விடுதியில் ஐவர் சேர்ந்து ஞாயிறுதோறும் பந்தய வண்டிகளின் சிற்றுருவங்களைச் செய்து வருகிறோம். ஒருவர் வேதியியல் படிக்கும் வங்காளி. ஒருவர் பஞ்சாபி, அவர் வீட்டார் லாரிகளுக்குக் கூடு கட்டுபவர்கள். மற்ற இருவரும் கட்டடக்கலை மாணவர்கள். எங்களுக்குள் பொதுமொழி என் ஓட்டை இந்திதான். உண்மை வண்டியின் ஒவ்வோர் அளவையும் 24-ஆல் வகுத்து, வருகிற அளவிற்குச் செய்கிறோம். முடிந்த வண்டி ஒரு சாண் நீளம்கூட இராது.

இத்தகைய வண்டிகள் கடையில் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். பெராரி, லோட்டஸ், மெக்லாரன் என்று எத்தனையோ வண்டிகளைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். நானும் முதலில் ஒரு பெட்டி வாங்கினேன். எண் போட்ட துண்டுகளை எண் பார்த்து ஒட்டினேன். மூன்று மாலைகளில் வண்டி முடிந்தது. அழகாகவும் இருந்தது. ஆனால் அந்த அழகில் என் பங்கு என்ன என்று எண்ணிப் பார்த்தபோது, பசை தடவியதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒரு செய்தி என் கண்ணைத் திறந்தது. ஜப்பானியர் தமியா நிறுவனத்தார் 1967-ஆம் ஆண்டில் தம் நாட்டு ஹோண்டா பந்தய வண்டியை 12-இல் ஒரு பங்கு அளவில் சிற்றுருவமாக வெளியிட்டனர். பந்தயத்தையே பார்த்திராத பிற நாட்டுச் சிறுவர்களும் அதை ஒட்டி ஒட்டி அந்த வண்டியைத் தெரிந்துகொண்டார்கள். தன் வண்டியைத் தானே சிறிதாக்கி உலகுக்குக் கொடுத்தது ஒரு நாடு. நம் வண்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது?

நமக்கேது வண்டி என்பீர்களோ? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்றில் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. அதை நடத்திய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் பிறந்தது. 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடமே அமைந்துவிட்டது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்பார், சாதாரண மாருதி 800 காரின் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றை வடிவமைத்தார். 796 கன சென்டிமீட்டர்; மூன்று சிலிண்டர்; கடைவீதிக்குக் காய்கறி வாங்கப் போகும் வண்டியின் எஞ்சின்! அதுவே 'ஃபார்முலா மாருதி'. பெருஞ்செல்வர்களின் விளையாட்டை ஓரளவு எளியவர் கைக்கும் எட்டச் செய்தது அந்த வண்டி. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த வண்டியைத்தான் நாங்கள் செய்ய எடுத்துக்கொண்டோம். பெட்டியில் வராத வண்டி ஆதலால் எண் போட்ட துண்டும் இல்லை, வரைபடமும் இல்லை. பழைய ஏடு ஒன்றிலிருந்து ஒரே ஒரு படம் கிடைத்தது. நல்லகாலமாக அதில் பந்தய வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மாருதி 800 பக்கவாட்டில் நிற்கிறது. அந்தக் காரின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் 2175 மில்லிமீட்டர். அதை அளவுகோலாகக் கொண்டு, படத்தின் மேல் வெர்னியரை வைத்து, மற்ற அளவுகளை விகிதத்தால் கண்டோம். நூற்றுக்கு ஐந்து பங்கு பிழை இருக்கலாம். ஆய்வகத்தில் பிழைக் கணக்கை ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிழை என்பது மூக்கு நீண்ட வண்டியாகக் கண் முன் வந்து நிற்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

தெர்மோகோலில் செதுக்கிய முதல் உடலின் கதையைக் கேளுங்கள். இரண்டு வார உழைப்பு. மேலே வண்ணம் பீய்ச்சினோம். கண் முன்னே வண்டி குழிந்து உருகியது! வங்காள நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாலிஸ்டைரீனை அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் கரைக்கும் என்பது அவர் பாடம். அவரே அதைத் தேர்வில் எழுதியவர். அவரே வண்ணப் புட்டியைப் பிடித்தவர். பின்னர் கட்டடக்கலை மாணவர்கள் மாதிரி வீடுகளுக்குப் பயன்படுத்தும் சன்போர்டை அடுக்கடுக்காக ஒட்டி, அரத்தால் அராவி, உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களை எம்-சீல் கொண்டு அடைத்தோம். பஞ்சாபி நண்பருக்கு லாரிக் கூடு பார்த்த கண். "இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது" என்று எட்டி நின்றே சொன்னார். வெர்னியரை வைத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது.

இனிச் சக்கரங்களின் கதை. இதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் என்றாலும் பொருந்தும்.

என் தந்தையார் பதினாறு வயதில் கோவையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தவர். இன்றும் கடைசல் வேலையே செய்கிறார். நான் பள்ளியில் படித்த நாளெல்லாம் என்னைப் பட்டறைப் படி ஏற விட்டதில்லை. "இந்த எண்ணெய் அழுக்கு எங் கையோட போகட்டும்" என்பார். நானும் அதை வேதவாக்காகக் கொண்டேன். உண்மையைச் சொன்னால், தந்தையின் தொழில் என்ன என்று கல்லூரித் தோழர் கேட்டால், "இயந்திரத் துறையில் இருக்கிறார்" என்று சொல்லி மழுப்பியவன் நான். இதை எழுதுகையில் வெட்கப்படுகிறேன். ஆனால் எழுதாமல் விடக் கூடாது.

எங்கள் துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பட்டறை உண்டு. ஓராண்டாக அதன் வாசலைக் கடந்து போயிருந்தும் நான் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அங்குள்ள பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகலில் அலுமினியச் சக்கரங்கள் கடையத் தொடங்கினோம். ஒன்று பெரிதாயிற்று, ஒன்று சிறிதாயிற்று, தரையில் வைத்தால் வண்டி நொண்டியது. மூன்று வாரம் போராடிய பின், வேறு வழியின்றி, தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

சிறிது நேரம் அவர் பேசவில்லை. கோபமோ என்று அஞ்சினேன். பிறகு கேட்டார்: "நாலையும் தனித்தனியாக் கடைஞ்சியா?"

"ஆமாங்கப்பா."

"அப்புறம் எப்படிக் கண்ணு ஒண்ணா வரும்? ஒரே ராடுல மொத்தமாக் கடைஞ்சு எடு. அளவு ஒண்ணா இருக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா அறுத்துக்க."

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை நான்கு சக்கரங்களும் ஒரே விட்டத்தில் வந்தன. பிழையை எப்படிக் கணக்கிடுவது என்று எனக்குப் பல பேராசிரியர்கள் கற்பித்திருக்கிறார்கள். பிழை நுழையும் வழியையே அடைப்பது எப்படி என்று கற்பித்தவர் பத்தாம் வகுப்புக்கு மேல் படியாத என் தந்தை. அதற்கு அடுத்த வாரம் அவரே என்னை அழைத்தார். "சக்கரம் ஆடுதா?" என்று கேட்டார். பட்டறையைப் பற்றி அவர் என்னிடம் பேச்செடுத்தது அதுவே முதன்முறை.

வண்டி ஓடிய நாளின் கதையும் உண்டு. சிறு மோட்டாரும் மின்கலமும் வைத்து, முன் சக்கரங்களைச் சற்றே திருப்பி நிறுத்தி, விடுதி மொட்டை மாடியில் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓட விட்டோம். ஒரு சுற்றுக்கு மூன்று வினாடி. அதாவது வினாடிக்கு 2.1 மீட்டர். "24-ஆல் பெருக்கினால் மணிக்கு 180 கிலோமீட்டர்!" என்று நண்பர்கள் ஆர்ப்பரித்தனர். ஆனால் கணக்கு அப்படிப் போகாது. வண்டியை நாம் சிறிதாக்கினோம். புவியின் ஈர்ப்பைச் சிறிதாக்கவில்லை. வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் உராய்வு அந்த ஈர்ப்பைப் பொறுத்தது. 24 மீட்டர் ஆரமுள்ள உண்மைத் தடத்தில் இதே கடுமையுடன் திரும்ப வேண்டுமானால், வேகத்தை 24-ஆல் அன்று, 24-இன் வர்க்கமூலமாகிய 4.9-ஆல் பெருக்க வேண்டும். வருவது மணிக்கு 37 கிலோமீட்டர்! சோழவரத்தில் ஓடியிருந்தால் எங்கள் வண்டி எல்லோருக்கும் பின்னால் வந்திருக்கும். எடையும் அப்படியே. 500 கிலோ வண்டி நீளத்தில் 24-இல் ஒரு பங்கானால், எடையில் 13,824-இல் ஒரு பங்காக வேண்டும். அதாவது 36 கிராம். எங்களுடையது 145 கிராம்! ஏட்டில் படித்த ஒப்புமை விதியை இனி நான் மறக்க வழியில்லை.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவையும் உண்டு. படிப்புக் கெடும் என்பர். சென்ற பருவத்தில் ஒரு தாளில் எனக்கு மதிப்பெண் குறைந்தது உண்மை. தேர்வுக்கு முந்திய ஞாயிறும் அரம் பிடித்தது என் தவறு. அளவு வேண்டும் என்பதை ஏற்கிறேன். முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கும்போது அரம் எதற்கு என்பர். எனக்கு அந்தப் பொறியோடு பகையில்லை. அளந்து, வரைந்து, அச்சிட்டுப் பார்த்து, திருத்துகிறவனும் செய்கிறவனே. பிறர் வரைந்ததை இறக்கி அப்படியே அச்சிடுகிறவன் மட்டும் மீண்டும் பெட்டி வாங்குகிறவன் ஆகிறான்.

குறுந்தொகைப் புலவர் ஒருவர் தச்சன் செய்த விளையாட்டுத் தேரைக் காட்டுகிறார். அதில் ஏறிப் போக முடியாவிட்டாலும் கையால் இழுத்தே குழந்தைகள் மகிழ்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் இன்பத்தை நாம் பாராட்டி உரை எழுதுகிறோம். அந்தத் தச்சனின் இன்பத்தை நினைக்கிறோமா? எதையும் வாங்கி இழுக்கும் பிள்ளைகளாகவே நாம் வளர்ந்துவிட்டோம். படிப்பு என்பது கையை அழுக்கிலிருந்து மீட்கும் வழி என்று நம் பெற்றோர் எண்ணினர். அவர்கள் பட்ட பாடு அப்படி. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அழுக்கிலிருந்து மீட்ட கையை நாம் வேலையிலிருந்தும் மீட்டுவிட்டோமே, அது யார் குற்றம்?

சென்ற ஆயுத பூசையன்று நம் சங்க அறையில் மேசை நிறைய மடிக்கணினிகளும் புத்தகங்களும் வைத்துப் பொட்டிட்டோம். ஒரு சுத்தியல் இல்லை. ஓர் அரம் இல்லை. ஆயுதம் இல்லாத ஆயுத பூசை! ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அறையின் மேற்கு மூலையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் இடத்தில் ஒரு மேசை போடுங்கள். ஒரு சிறு வைஸ், மூன்று அரங்கள், ஒரு இரம்பம், ஒரு வெர்னியர், உப்புத்தாள் கொஞ்சம் போதும். கலைவிழா மேடை அலங்காரத்திற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. வண்டிதான் செய்ய வேண்டும் என்பதில்லை. யாழ் செய்க, ஏற்றம் செய்க, தத்தம் ஊர்த் தேரைச் செய்க. அளந்து செய்க, அதுவே வேண்டுவது.

என்னைக் கேட்ட அண்ணனுக்கும் ஒரு சொல். ஆம் அண்ணா, பொம்மைக் கார்தான் செய்கிறோம். அதன் முன் மூக்கு இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நீளம். வருகிற ஞாயிறு அதைக் குறைக்க வேண்டும். நீங்களும் வாருங்கள். ஓர் அரம் மிகுதியாக இருக்கிறது.