மலைக்குப் போகும் வழி எது?

பெரியாறு எங்கே பிறக்கிறது என்று சிவகிரியில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைக் கேட்டால், எங்கள் ஊர் மலையில் என்று தயங்காமல் விடை சொல்வான். பூகோள நூல்களும் சிவகிரி மலைகளையே அந்நதியின் பிறப்பிடமாகக் குறிக்கின்றன. அங்கே தோன்றும் நீர் வடக்கே இறங்கி, 1895-ஆம் வருஷம் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையிலே தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, மதுரைச் சீமையின் வயல்களுக்குப் பாய்கிறது. இவ்வளவையும் பாடமாகப் படித்த பையனிடம், "சரி, அந்த மலைக்குப் போகும் வழி எது? எதுவரை போகலாம்? யாரிடம் உத்தரவு கேட்பது?" என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குத் தெரியாது. அவனுடைய தகப்பனாருக்கும் தெரியாது. விசாரித்தால் ஓர் இலாகா மற்றோர் இலாகாவைக் காட்டும். கடைசியில் எல்லோரும் சட்டத்தைக் காட்டுவார்கள்.

அந்தச் சட்டத்தின் வயதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அது 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம். அன்னிய சர்க்கார் மரத்துக்கும் வருமானத்துக்கும் காட்டை வரையறுத்து, உத்தரவின்றி உள்ளே கால் வைப்பதைக் குற்றமாக்கினர். 1947-இல் சுயராஜ்யம் வந்தது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. சிவகிரி ஜமீனும் மறைந்தது. 1882-ஆம் வருஷத்துச் சட்டமோ, தலைப்பில் 'சென்னை' என்பது 'தமிழ்நாடு' என்று மாறி, இன்றும் உயிரோடிருக்கிறது. ஜமீன் போயிற்று, வேலி போகவில்லை.

காட்டைக் காவலின்றித் திறந்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர்ப் பக்கத்துக் காடுகள் 2015-இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடுகள் 2021-இல் புலிகள் காப்பகமாயின. யானையும் புலியும் குடியிருக்கும் இடத்தில் மனிதன் விருந்தாளிதான். வீட்டுக்காரருடைய அறைக்குள் நுழையும் உரிமை விருந்தாளிக்குக் கிடையாது. ஆனால் எந்த அறை மூடியது, எந்தத் திண்ணை திறந்தது என்று வாசலில் எழுதி வைப்பது முறையல்லவா? தடையைச் சொல்லும் பலகை நம் நாட்டில் ஏராளம். வழியைச் சொல்லும் பலகைதான் கிடையாது.

வழி சொல்லாததன் விளைவு என்ன என்பதை நாம் ஒருமுறை கண்டோம். 2018-ஆம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேறச் சென்றிருந்த வாலிபர்களும் பெண்களும் அதில் சிக்கினர். அன்றும், பின்னர் ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் மாண்டனர். அவர்கள் கள்வரோ, மரம் வெட்டிகளோ அல்லர்; விடுமுறை நாளில் மலையைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். நெருப்புக் காலத்தில் எந்தப் பாதை மூடப்பட வேண்டும், யார் உடன் செல்ல வேண்டும், கீழிறங்க மாற்று வழி எது என்பவற்றைப் பொதுஜனங்கள் அறிய ஏற்பாடு இருந்திருந்தால் அத்தனை உயிர்கள் போயிருக்குமா? அந்தத் துயரத்துக்குப் பிறகு, அதே வருஷத்தில், மலையேற்ற விதிகள் வகுக்கப்பட்டன. நம் நாட்டில் விதிகள் எப்போதும் பிணத்துக்குப் பின்னால்தான் வருகின்றன.

2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் சர்க்கார் இன்னும் ஓரடி முன்வைத்தனர். 14 ஜில்லாக்களில் 40 மலைப் பாதைகளைத் தேர்ந்து, எளியது, நடுத்தரமானது, கடினமானது என்று வகைப்படுத்தி, 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரால் இணையத்தளத்தில் வெளியிட்டனர். பணம் கட்டினால் வழிகாட்டி உடன் வருவார். மலைவாழ் ஜனங்களும் அடிவாரக் கிராமத்து வாலிபர்களும் அவ்வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறார்கள். 2025-இல் நெருப்புக் காலமாகிய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகள் மூடப்பட்டன. குரங்கணியிலிருந்து புறப்படும் பாதையொன்றும் அந்த நாற்பதில் இருக்கிறது. இவை நல்ல காரியங்கள், மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்டிய வாயாலேயே கேட்கிறோம். தமிழ்நாட்டு ஜில்லாக்கள் 38. பட்டியலில் இடம்பெற்றவை 14. மற்ற 24 ஜில்லாக்களில் கால்கள் இல்லையா? வனம் என்று சர்க்கார் ஏடுகளில் கண்ட பரப்பு சுமார் 23,000 சதுர கிலோமீட்டர்; அதற்கு நாற்பதே வழிகள். வெள்ளியங்கிரி மலைக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் விதித்தபோது கோவைச் சீமையில் எழுந்த முணுமுணுப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். பக்தர்கள் வழக்கமாக ஏறும் காலத்துக்கு அக்கட்டணம் இல்லை என்பது மெய்யே. ஆயினும், சென்னையிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளம் வாங்குவோருக்குத் திறக்கும் கதவு, அடிவாரத்தில் கரும்பு வெட்டும் கூலியாளின் மகனுக்கும் திறக்குமா என்பதே கேள்வி. டிக்கெட்டு விற்கும் வழி வேறு. பொதுஜனங்களுக்குப் பாத்தியதையுள்ள வழி வேறு. முன்னதைச் செய்ததனால் பின்னதைச் செய்தாயிற்று என்று சர்க்கார் எண்ணிவிடக் கூடாது.

வழியில்லாத குறையைத் தென்பாண்டி நாட்டார் நன்கு அறிவர். தமிழ் முனிவன் இருப்பிடம் என்று நாம் போற்றும் பொதிகை, 1,868 மீட்டர் உயரத்தில் இரு மாகாணங்களின் எல்லையிலே நிற்கிறது. அதன் சிகரத்துக்கு நடக்க விரும்பும் திருநெல்வேலித் தமிழன், மலையைச் சுற்றித் திருவனந்தபுரம் போய், கேரள வன இலாகாவிடம் சீட்டுப் பெற்று, போனக்காட்டிலிருந்து ஏறுகிறான். சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் பெரும்பாலோர் குமுளிக்குச் சென்று ஜீப்பு ஏறுகிறார்கள்; நம் பக்கத்துப் பளியங்குடியிலிருந்து செங்குத்தாக ஏறுவோர் சிலரே. கேரளத்தார் பேரில் நமக்குக் குறையொன்றுமில்லை. அவர்கள் தங்கள் வழியைப் பேணி, ஜனவரி முதல் மார்ச்சு வரை ஆட்களை எண்ணி அனுப்பி, காட்டையும் காத்து வருகிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதென்று சொல்வதற்கு என்ன காரணம் இருக்கிறது?

மோட்டாருக்கு மட்டும் மலை எப்போதும் திறந்தே இருக்கிறது. கார்கள் நெருங்கி மூச்சு முட்டியதால்தான் ஹைகோர்ட்டு தலையிட்டு, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. புகை விடுகிறவனுக்குத் தார் ரஸ்தா. நடக்கிறவனுக்குச் சட்டப் புஸ்தகம்!

இந்த விஷயத்தில் இங்கிலாந்தின் சரித்திரத்தை நம்மவர் படிக்க வேண்டும். 1932-ஆம் வருஷம், சட்டமறுப்பு இயக்கத்தால் நம் தேசத்துச் சிறைகள் நிரம்பிக் கிடந்த அதே வருஷம், ஏப்ரல் 24-ந் தேதி, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி வாலிபர்கள் சில நூறு பேர், பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தில் அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர். பதினேழு வருஷங்களுக்குப் பின், 1949-இல், அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வொரு கவுண்டி சபையும் தன் எல்லைக்குள் பொதுஜனங்கள் நடந்துவரும் வழிகள் யாவற்றையும் அளந்து, படத்தில் குறித்து, ஆட்சேபங்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அந்தப் படத்தில் ஏறிய வழியை நிலச்சொந்தக்காரன் பிறகு அடைக்க முடியாது. அவன் வயலுக்கு நடுவே போனாலும் வழி வழிதான். கால்நடையாகப் போகிறவனுக்கு ஒருவகைப் பாதை, குதிரையேறிப் போகிறவனுக்கு ஒருவகைப் பாதை என்று பிரித்தார்கள். குதிரைப் பாதையில் சைக்கிளும் போகலாமென்று 1968-ஆம் வருஷத்துச் சட்டம் அனுமதித்தது. ரஸ்தாவிலிருந்து பாதை பிரியும் இடத்தில் கைகாட்டி நட வேண்டுமென்றும் அதே சட்டம் கட்டளையிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப் பதிவான வழிகள் இன்று சுமார் 2,25,000 கிலோமீட்டர். நடப்பதற்குக் கட்டணமில்லை. நம்மிடம் வனச் சட்டத்தை விட்டுச் சென்றவர்கள் தங்கள் வீட்டில் இப்படிச் செய்துகொண்டார்கள்.

நமக்கு இது புதிய வேலையும் அன்று. நம்முடைய கிராமக் கணக்குகளில் பாதிக் காரியம் முடிந்தே கிடக்கிறது. கிராமப் படத்தையும் 'அ' பதிவேட்டையும் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வண்டிப்பாதை, நடைபாதை, வாய்க்கால் புறம்போக்கு, குளக்கரை, கண்மாய்க்கரை என்று ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்த வழிகளில் எத்தனை பூமியில் இருக்கின்றன என்பதுதான் கவலைக்குரிய விஷயம். ஒருவர் உழும்போது ஒரு முழம் சேர்த்து உழுதார். மற்றொருவர் தென்னங்கன்று வைத்தார். மூன்றாமவர் கம்பிவேலி போட்டார். ஆடு மேய்ப்பவரும் விறகுக்குப் போனவர்களும் நடந்தவரை பாதை பாதையாக இருந்தது. அவர்கள் நடப்பது குறைந்ததும், கேட்பாரற்ற சொத்தாயிற்று. இன்னும் ஒரு தலைமுறை சும்மா இருந்தால், வழி இருந்தது என்று சாட்சி சொல்லவும் ஆளிராது.

ஆகவே நமது யோசனை இது. தாலுகா தோறும் பொதுப் பாதைப் பதிவேடு ஒன்று தயாரிக்க வேண்டும். எது நடப்பதற்கு, எது சைக்கிளுக்கு, எது எந்த மாதங்களில் மூடப்படும், எங்கே வன இலாகாவின் உத்தரவு வேண்டும், எங்கே வேண்டாம், எத்தனை கிலோமீட்டர், குடிநீர் எங்கே என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு, பள்ளிக்கூடச் சுவரிலும், பஞ்சாயத்து ஆபீஸிலும், இணையத்திலும் விலையின்றிப் போட வேண்டும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை லட்சக்கணக்கானோர் நடக்கும்படி வைத்திருக்கும் சர்க்காருக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லையென்று ஒருவரும் சொல்ல முடியாது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்த சுமார் 150 மைல் வழிக்கும் அப்பதிவேட்டில் இடம் உண்டு. குதிரைச் சவாரிக்காரர்கள் இன்று நம்மிடம் மிகச் சொற்பம். அவர்களுக்குக் குளக்கரைகளே போதும்.

முதற்காரியத்தைச் சிவகிரித் தாலுகாவிலேயே தொடங்கலாம். 1755-லேயே கும்பினிப் படைக்குக் கப்பம் கட்ட மறுத்த பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. சங்கரன்கோவில் கோபுரத்தடியில் புறப்படும் வாலிபன், நெற்கட்டும்செவல் வழியாகச் சைக்கிளில் மேற்கே வந்து, கண்மாய்க் கரைகளின் மேலாகவே வாசுதேவநல்லூரையும் சிவகிரியையும் அடையலாம். லாரிகள் ஓடும் திருமங்கலம் - கொல்லம் ரஸ்தாவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தமிழ்நாடெங்கும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவற்றின் கரைகள் முன்னமே சர்க்கார் சொத்து. அவற்றை ஒன்றோடொன்று இணைத்தாலே மாகாணம் முழுவதற்கும் பாதை கிடைத்துவிடும். யானைக்கும் தொந்தரவில்லை, புலிக்கும் தொந்தரவில்லை. கரை பழுதானால் முதலில் காண்பவன் அதன்மேல் நடப்பவனாகையால், பாசனக்காரருக்கும் லாபம்.

கரைகளைத் தாண்டி மலைக்குள் போக வேண்டிய வழிகள் சிலவே இருக்கட்டும். அடிவாரத்திலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடியனவாக, காட்டின் உட்பகுதியைத் தொடாதனவாக அவை இருக்கட்டும். அங்கே வழிகாட்டிகளாகப் பளியரை நியமிப்பதே நியாயம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது; எந்தப் பாறையில் எந்த மாதம் வழுக்கும், எந்த ஓடை எத்தனை நிமிஷத்தில் பெருகும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? 2015 மே மாதத்தில் சதுரகிரியில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் பலர் இறந்ததை விருதுநகர்ச் சீமை மறந்திருக்காது. மலை தெரிந்தவன் ஒருவன் முன்னே நடந்தால், வானம் இருண்டபோதே கூட்டத்தைக் கரையிலே நிறுத்திவிடுவான்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கூடவே கூடாது. வனத்தைக் காப்பாற்ற எத்தனை காவலரை நியமித்தாலும், அதைக் கண்ணால் பாராத தலைமுறைக்கு அதன்மேல் அக்கறை வராது. பணமில்லை என்று நிதி இலாகா சொல்லுமானால், பதிவேட்டுக்கு வேண்டியது அளவர்களின் உழைப்பும் அச்சுக் கூலியுமே என்று பதில் சொல்வோம். பதிவேட்டினால் குப்பை பெருகும் என்ற ஆட்சேபமும் வரும். குப்பை மோட்டார் போகும் இடங்களிலேயே மலையாய்க் குவிந்திருக்கிறது. மூட்டையைத் தோளில் சுமந்து நடப்பவன் அத்தனை கொண்டு போகவும் மாட்டான்.

சட்டசபையில் வாசுதேவநல்லூர்த் தொகுதியின் பிரதிநிதி இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். தாலுகாவிலுள்ள ஊழியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டில் பாதை என்றும் வண்டிப்பாதை என்றும் கண்ட சர்வே எண்களை எழுதி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றில் நடந்து பார்த்து, எது இருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று குறித்து, அக்டோபர் 2-ந் தேதிக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். சிவகிரி பேரூராட்சியாகையால் அங்கே அந்தச் சபை கூடுவதில்லை. அவ்வூரார் தங்கள் பட்டியலைப் பேரூராட்சி மன்றத்திலும், ஜில்லா கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளிலும் நேரே கொடுக்கலாம்.