விலை சொல்லத் தக்க வேலை விவரம்



துப்புரவு, காவல், சலவை, தோட்டப் பராமரிப்பு, வாகன வாடகை போன்ற பணிகளை அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் இன்று பெரிதும் ஒப்பந்தத்தின் வாயிலாகவே நிறைவேற்றிக் கொள்கின்றன. இவ்வொப்பந்தங்களுக்கு டெண்டர் போடும் இளைஞர்கள் நம் இல்லங்களில் இருக்கிறார்கள். அரசுப் பணியில் அமர்ந்து டெண்டர் ஆவணம் தயாரிப்போரும் இருக்கிறார்கள். அதன் கீழ் கூலிக்கு உழைக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள். இம்மூவரின் நலனும் ஒரே தாளில் அடங்கியிருக்கிறது. அதுதான் பணி விவரக் குறிப்பு.

நல்ல குறிப்பை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரு ஒப்பந்தக்காரர்கள் அதனைத் தனித்தனியே படித்து, ஒரே அளவு வேலையைக் கணக்கிட வேண்டும். இலாபத்தில் அவர்கள் வேறுபடலாம். வேலையின் அளவில் வேறுபடலாகாது. வேறுபட்டால் குறை குறிப்பில்தான் இருக்கிறது.

தமிழகத்தில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசுக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் உண்டு. தேவை இன்னதென்று தெளிவாக எழுதப்பட வேண்டும் என்றும், தேவைக்கு மிஞ்சிய அம்சங்களைச் சேர்த்து வீண் செலவுக்கு இடமளிக்கக் கூடாது என்றும் அவ்விதிகள் கொள்முதலுக்கு நெறி வகுக்கின்றன. எனினும் விதி தெளிவாக இருப்பதாலேயே குறிப்பும் தெளிவாக அமைந்துவிடுவதில்லை.

ஓர் அரசு மருத்துவமனையின் துப்புரவுப் பணியை எடுத்துக் கொள்வோம். "வளாகம் எப்போதும் தூய்மையாக வைக்கப்பட வேண்டும், போதிய ஆட்கள் அமர்த்தப்பட வேண்டும், அதிகாரி அவ்வப்போது கூறும் பிற பணிகளையும் செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டால் அது விருப்பமே தவிர, விவரம் ஆகாது. எப்போதும், போதிய, அவ்வப்போது, பிற ஆகிய இந்நான்கு சொற்களுக்கும் எவராலும் விலை சொல்ல இயலாது.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள். புறநோயாளிகள் பகுதியின் தரைப்பரப்பு இத்தனை சதுர மீட்டர். நாளொன்றுக்கு மூன்று முறை துடைக்க வேண்டும். கழிப்பறைகள் இத்தனை; காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை கழுவி, கதவருகே உள்ள அட்டையில் நேரம் குறித்துக் கையொப்பமிட வேண்டும். பினாயிலும் துடைப்பமும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. தண்ணீரும் மின்சாரமும் மருத்துவமனையின் பொறுப்பு. மருத்துவக் கழிவுகளுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு வகை வகுத்துள்ளன. அந்தப் பைகளை வார்டிலிருந்து சேமிப்பு அறைக்குக் கொண்டு செல்வது யார், கையுறையும் காலணியும் வாங்கித் தருவது யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் எவரும் பென்சிலும் தாளும் கொண்டு கணக்கிட்டுவிடலாம்.

ஆள் கணக்கில் நேரும் பிழை இன்னும் கொடியது. "24 மணி நேரமும் 10 இடங்களில் ஆள் இருக்க வேண்டும்" என்று மட்டும் குறிப்பு சொல்கிறது. ஓரிடத்திற்கு நாளொன்றுக்கு மூன்று ஷிப்டு, வாரத்திற்கு 21 ஷிப்டு. வார விடுமுறை போக ஒருவர் ஆறு ஷிப்டுதான் பார்க்க முடியும். ஆகவே ஓரிடத்திற்கு மூன்றரை பேர். பத்து இடங்களுக்கு 35 பேர். நோய்க்கும் பிற விடுப்புக்கும் மாற்றாள் தேவை என்பது தனி. முறையாகக் கணக்கிட்டவர் 35 பேருக்கு விலை சொல்வார். மற்றொருவர் 30 பேருக்குச் சொல்லி, குறைந்த விலைக்காரராகத் தேர்வு பெறுவார். விடுபட்ட ஐவரின் உழைப்பை அந்த முப்பது பேரே விடுமுறையின்றிச் சுமக்க நேரிடும். நேர்மையாளர் தோற்பதும் ஏழை உழைப்பதும் இவ்விடத்தில்தான்.

கூலியும் அவ்வாறே. வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ் ஆகியவை பொருந்தும் தொழிலாளிக்கு 100 ரூபாய் கூலி கொடுத்தால், முதலாளியின் பங்காக வைப்பு நிதிக்கு 12 ரூபாய், ஈ.எஸ்.ஐ.க்கு 3 ரூபாய் 25 காசு, குறைந்த அளவு போனஸாக 8 ரூபாய் 33 காசு சேர வேண்டும். ஆக 123 ரூபாய் 58 காசு. சீருடையும் மேற்பார்வையும் இலாபமும் வரியும் இதற்கு மேல். இதற்கும் குறைத்து ஒருவர் விலை சொன்னால், அவர் எவருடைய பங்கில் கை வைக்கப் போகிறார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலால் கூலி, சட்டப்படியான பங்குகள், பொருட்செலவு, சேவைக் கட்டணம், வரி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பும்படி விலைப்பட்டியல் அமைய வேண்டும். ஒப்பந்த காலத்தில் அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் அந்த உயர்வை யார் ஏற்பது என்பதையும் முன்னரே எழுதிவிட வேண்டும்.

ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் அப்பொறுப்பு பணியமர்த்திய நிறுவனத்தையே சேரும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. 2020-ஆம் ஆண்டின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆகவே மலிவான ஒப்பந்தம் அரசுக்கு ஆதாயம் என்று எண்ணுவது மேலோட்டமான கணக்கே ஆகும்.

அபராதத்திற்கும் அளவு வேண்டும். "பணி திருப்தியாக இல்லையெனில் பிடித்தம் செய்யப்படும்" என்பது அச்சுறுத்தலே. அஞ்சியவர் விலையை ஏற்றுவார், அஞ்சாதவர் பின்னர் வழக்காடுவார். எந்தக் குறைக்கு எவ்வளவு, மாதத்திற்கு உச்ச அளவு எவ்வளவு, குறையைப் பதிவு செய்வது யார் என்று எழுதினால் இரு தரப்பும் அமைதி பெறும்.

டெண்டர் போடும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஆவணம் வாங்கியதும் விலையை எழுதத் தொடங்காதீர்கள். இடத்தை நேரில் பாருங்கள், அளந்து பாருங்கள். ஐயம் எழும் சொற்களை அடிக்கோடிட்டு, டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். அலுவலர் வாய்மொழியாகச் சொன்னது ஒப்பந்தம் ஆகாது. விளக்கம் கிட்டாத வேலையை விட்டுவிடுவது நட்டப்பட்டு ஓடுவதினும் மேல்.

அலுவலகத்தில் இருக்கும் சகோதர, சகோதரிகளே! சென்ற ஆண்டின் தாளையே தேதி மாற்றி அனுப்பிவிடுவது எளிது. ஒரு நாள் செலவிட்டு வார்டு வார்டாக நடந்து, எண்ணி, அளந்து எழுதுவது கடினம். ஆனால் அந்த ஒரு நாள் உழைப்பில்தான் முப்பத்தைந்து குடும்பங்களின் வார விடுமுறையும் வைப்பு நிதியும் அடங்கியிருக்கின்றன.