அடைக்கு எந்த முட்டை?



ஆரணியில் நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது ஒரு கோழி மிரண்டு இழைகளுக்குள் பாய்ந்தால் என்ன ஆகும்? அறுந்த பட்டு இழையைத் தேடிப் பிணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிடிக்கப் போனாலே பறக்கிற கோழி முதலில் குழம்புக்குப் போவதும், கூப்பிட்டால் காலடிக்கு வருகிற கோழியின் முட்டையை அடைக்கு வைப்பதும் இயல்புதானே?

சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர் யென்சன் குழுவினர் இதையே ஆய்வாகச் செய்தார்கள். வீட்டுக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளில், ஆளைக் கண்டு அதிகம் மிரள்பவற்றைத் தனியாகவும், மிரளாதவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்தார்கள்.

2014-ல் வந்த முடிவுகள் நமக்கும் பயன்படும். பயம் குறைந்த வம்சத்தில் உடல் எடை கூடியது. முட்டையும் குஞ்சும் பெரிதாயின. இரண்டு வம்சத்தையும் போட்டிக்கு விட்டபோது, பயம் குறைந்த கோழிகள்தான் மற்றவற்றிடம் குறைவாகக் கொத்து வாங்கின. அதாவது, நம்மிடம் சாதுவாக இருக்கிற கோழி கூட்டத்திலும் ஒதுங்கிப்போகும் என்று சொல்ல முடியாது. அங்கே அதன் கை ஓங்கலாம்.

அப்படியானால் கூட்டத்தில் சண்டை குறைய என்ன வழி? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் முட்டைக் கோழிகளைத் தனித்தனியாக மதிப்பிடவில்லை. ஒரே கூண்டில் சேர்ந்து வாழ்ந்து, மொத்தமாக நல்ல பலன் தந்த குடும்பங்களையே தேர்ந்தெடுத்தார். இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த இறப்பு, நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாகக் குறைந்தது. 1996-ல் வெளியான ஆய்வு இது.

ஐந்தாறு கோழி வளர்க்கும் வீட்டுக்கு இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. தறியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு முட்டை வீட்டுக் குழந்தைகளின் சத்துணவு. விற்கிற சேவல் அவசரச் செலவுக்குக் கைகொடுக்கும் காசு. கொத்துப்பட்டு மூலையில் ஒடுங்கிய கோழி சரியாகத் தின்னாது. தின்னாத கோழி எப்படி முட்டையிடும்?

அடைக்கு முட்டை எடுக்கும் முன் தீவனம் போட்டுவிட்டு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நம் கையிலிருந்து தின்கிற கோழி, பக்கத்துக் கோழியையும் தின்ன விடுகிறதா? இந்த இரண்டு குணமும் உள்ள கோழியின் முட்டையே அடைக்குப் போகட்டும். தீவனத்தையும் ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

அடுத்த தலைமுறைக் கோழி எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நம் வீட்டுப் பெண்களின் கைதான். அந்தத் தேர்வை யோசித்துச் செய்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்