வரிச்சலுகை ஆசிரியருக்கா, ஆய்வுக்கா?

ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள போர்ட் பிளேரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையில் பெரார்கஞ்ச் அமைந்துள்ளது. 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக விளங்கிய மைக்கேல் லாயிட் பெரார் என்பவரின் பெயரையே இவ்வூர் தாங்கி நிற்கிறது. அவர் ஆட்சியாளர் மட்டுமல்லர். அந்தமான், நிக்கோபார் தீவுகளின் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்துப் பட்டியலிட்ட ஆர்வலரும் ஆவார். நிர்வாகம் அவருடைய அலுவல். ஆராய்ச்சி அவருடைய விருப்பம். இன்றோ ஆராய்ச்சியையே அலுவலாகக் கொண்டோர் இத்தீவுகளில் பலர் உள்ளனர். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் கல்வி வளாகமும், 1978-இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், 1967-இல் தோன்றிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும் தென் அந்தமானிலேயே இயங்கி வருகின்றன.

ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு அளிக்கும் காலம் நெருங்கும்போது, இத்தகைய நிறுவனங்களில் பணிபுரிவோரிடையே ஒரு கேள்வி எழுவதைக் கேட்டிருக்கிறோம். "நாட்டின் அறிவை வளர்ப்பவர்கள் நாங்கள், எங்களுக்கென வருமான வரியில் தனிச்சலுகை இருக்கக் கூடாதா?" என்பதே அது. இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் முறையன்று. ஆயினும் நேர்மையாக ஆராய்ந்தால், சலுகை சேர வேண்டிய இடம் ஆசிரியரின் ஊதியமன்று, அவர் ஆய்வுக்காகச் செய்யும் செலவே என்பது புலப்படும்.

முதலில் சலுகை கோருவோரின் வாதத்தைக் காண்போம். முனைவர் பட்டம் பெற்று நிலையான பணியில் அமர்வதற்குள் ஒருவருக்கு முப்பது வயது கடந்துவிடுகிறது. உடன் பயின்றோர் பத்தாண்டுகளாகச் சேமித்து வரும் நிலையில், இவருடைய சேமிப்பு அப்பொழுதுதான் தொடங்குகிறது. கற்றோரைப் போற்றுதல் நம் மரபுக்கும் புதிதன்று. புலமையாளர்க்கு இறையிலியாக நிலம் வழங்கிய செய்திகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அயல்நாட்டுப் பேராசிரியர்க்கு நாமே சலுகை அளிக்கிறோம். இந்திய - அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, அந்நாட்டிலிருந்து நம் பல்கலைக்கழகம் ஒன்றிற்குக் கற்பிக்கவோ பொதுநலன் கருதி ஆராயவோ வருபவரின் ஊதியத்துக்கு இரண்டு ஆண்டுகள் வரை இங்கு வரி இல்லை. விருந்தினர்க்கு உண்டு, வீட்டார்க்கு இல்லையா என்று கேட்பது இயல்பே.

வரிச்சுமை வெறும் கணக்கன்று என்பதற்கு அண்டை நாட்டிலும் சான்று உண்டு. இலங்கையில் 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச விகிதம் 36 விழுக்காடாக உயர்ந்தபோது, பல்கலைக்கழக ஆசிரியர்களும் பிற தொழிற்சங்கத்தினருடன் சேர்ந்து பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். கையில் கிடைக்கும் ஊதியம் திடீரெனக் குறையும்போது அறிஞர்கள் நாட்டை விட்டு வெளியேற எண்ணுவது வியப்பன்று.

இவ்வளவும் ஏற்கத்தக்கவையே. ஆனால் ஊதியத்தின் மீதான வரியைக் குறைத்தால் பயன் யாருக்குச் சேரும்? கணக்கிட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படியான 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10.94 லட்சம் ரூபாய் ஆகிறது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையைத் தேர்ந்துகொள்ளும் ஊதியதாரர்க்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்ந்து 12.75 லட்சம் வரை வரியே இல்லை. எனவே இவருக்கு எந்தச் சலுகை அளித்தாலும் இவ்வூதியத்தில் அவர் பெறும் பயன் சுழியம். பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 1,44,200 ரூபாய். அதே அகவிலைப்படியுடன் அவர் செலுத்த வேண்டிய வரி, மேல்வரி உட்பட, ஏறத்தாழ 3.93 லட்சம். வரியில் கால் பங்கைத் தள்ளுபடி செய்தால் அவருக்கு 98,000 ரூபாய் மிச்சமாகும்.

இனி, கீழ்ப்படியில் நிற்போரைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வகுத்த நெறிமுறையின்படி கௌரவ விரிவுரையாளர்க்கு மாதத்துக்கு உச்ச அளவாக 50,000 ரூபாய் வழங்கலாம். இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இவ்விரு பிரிவினரும் வரி செலுத்தும் எல்லைக்குள் வருவதே அரிது. வகுப்பறையின் பாரத்தையும் களப்பணியின் பாரத்தையும் பெரும்பாலும் சுமப்பவர்கள் இவர்களே. இவர்களுக்கு ஒரு காசும் தராமல், மேல்படியில் இருப்பவர்க்கு மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் தரும் ஏற்பாட்டை, கல்விக்கு அளித்த சலுகை என்று எவ்வாறு கொள்வது?

இத்தகைய சலுகை நிலைத்து நிற்பதும் இல்லை. பாகிஸ்தானில் முழுநேர ஆசிரியர், ஆய்வாளர்களின் வரியில் ஒரு காலத்தில் 75 விழுக்காடு வரை தள்ளுபடி இருந்தது. அது பின்னர் 40 ஆகவும், அதன்பின் 25 ஆகவும் குறைக்கப்பட்டது. ஊதியம் என்பது பணிக்குரிய உரிமை. சலுகையோ கருவூலம் வற்றும்போது முதலில் வெட்டப்படுவது. ஆசிரியர்க்குத் தக்க மதிப்பை அளிக்க விரும்பும் அரசு அதனை ஊதியமாகவே அளிக்கட்டும். அது வரவு செலவுத் திட்டத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். பெரார்கஞ்சில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் இருக்கிறார். புயல் மழையில் கம்பமேறும் மின்பணியாளர் இருக்கிறார். அவர்களுடைய ஊதியத்துக்கு இல்லாத விலக்கு அறிஞரின் ஊதியத்துக்கு ஏன் என்று அவர்கள் கேட்டால் என்ன விடை கூறுவது? 2004 ஆழிப்பேரலையின்போது தென் அந்தமானின் நிலப்பரப்பு தாழ்ந்து, கடல்நீர் வயல்களுக்குள் புகுந்தது. உவரைத் தாங்கும் நெல் வகைகளைத் தேடித் தந்தவர்கள் ஆய்வாளர்கள். அவ்வாய்வுக்குப் பணம் தந்தது நாட்டு மக்களின் வரி. வரியால் வாழும் கல்வித்துறை வரியிலிருந்து விலகி நிற்க விரும்புவது அதற்கே அழகன்று.

அவ்வாறாயின் ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் குறையே இல்லையா? உண்டு, அது வேறிடத்தில் உள்ளது. பெரார்கஞ்ச் சாலையோரக் கடைக்காரர் தம் வண்டிக்கு இட்ட எரிபொருளைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொண்டு எஞ்சிய ஆதாயத்துக்கே வரி செலுத்துகிறார். பவளப்பாறையை ஆராயப் படகு அமர்த்துபவரோ, சென்னையில் நடைபெறும் கருத்தரங்குக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து செல்பவரோ, நிறுவனம் ஈடுசெய்யாத செலவைத் தம் ஊதியத்திலிருந்து செய்து, அச்செலவுக்கும் சேர்த்தே வரி கட்டுகிறார். தலைநகரத்துப் பேராசிரியர்க்கு இது சிறு தொகையாக இருக்கலாம். தீவில் இருப்பவர்க்கு அவ்வாறன்று.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. கல்வி, ஆராய்ச்சி, பயிற்சி ஆகியவற்றை ஊக்குவிக்க நிறுவனம் அளிக்கும் படித்தொகையில், உண்மையாகச் செலவிட்ட அளவுக்கு வரிவிலக்கு உண்டு என்று அதன் விதிகள் கூறின. நூலாசிரியர் பெறும் உரிமத்தொகையில் 3 லட்சம் ரூபாய் வரையிலும், காப்புரிமைத் தொகையில் அதே அளவிலும் கழிவு வழங்கின. ஆனால் இவை யாவும் பழைய வரி முறையோடு நின்றுவிட்டன. புதிய முறையைத் தேர்ந்தவர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

மறைமுக வரியிலும் இதே கதைதான். பொது நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த சரக்கு, சேவை வரிச்சலுகை 2022 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒதுக்கீடு உயராத நிலையில் வரி மட்டும் உயர்ந்தால் வாங்கும் கருவிகளின் எண்ணிக்கை குறையும். மாறாக, 2024 செப்டம்பரில் கூடிய சரக்கு, சேவை வரி மன்றம், சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி மையங்களும் பெறும் ஆராய்ச்சி மானியங்களுக்கு விலக்களிக்கப் பரிந்துரைத்தது. நல்ல சலுகைக்கு அதுவே முன்மாதிரி. அது எவருடைய பையையும் நிரப்பவில்லை, ஆய்வையே வளர்த்தது.

நம் முன்னோரிடமும் இவ்வழிக்குச் சான்று உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டில் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் இயங்கிய கல்லூரியில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். அவர்களுடைய உணவுக்கும் ஊதியத்துக்கும் வேண்டிய நெல்லைத் தரும் நிலம் நிவந்தமாக ஒதுக்கப்பட்டது. அங்குப் போற்றப்பட்டது தனியொருவரின் செல்வமன்று. கல்விப்பணி தடையின்றி நடைபெறுவதே.

எனவே நாம் வேண்டுவன மூன்று. ஆராய்ச்சிப் படித்தொகையில், பற்றுச்சீட்டுடன் மெய்ப்பிக்கப்பட்ட செலவுக்குப் புதிய வரி முறையிலும் விலக்கு அளிக்கப்பட வேண்டும். கௌரவ விரிவுரையாளரும் இதன் வரம்புக்குள் வர வேண்டும். ஆராய்ச்சிக் கருவிகளுக்குப் பழைய 5 விழுக்காட்டு வரியை மீட்டளிக்க வேண்டும். ஆய்வு உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் ஆய்வாளரின் கணக்கில் சேர வேண்டும். முப்பத்தேழாயிரம் ரூபாயை நம்பிக் களப்பணியில் இருப்பவர்க்கு, குறித்த நாளில் வரும் பணத்தைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

இம்மாற்றங்கள் வரும் வரை, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். வணிக வருமானம் இல்லாத ஊதியதாரர் இரு வரி முறைகளுள் ஒன்றை ஆண்டுதோறும் தேர்ந்துகொள்ளலாம். உரிமத்தொகையோ ஆராய்ச்சிப் படியோ பெறுவோர் பிறரைப் பார்த்து முடிவு செய்யாமல், இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்துத் தமக்கு ஏற்றதைத் தேர்வது நன்று. படகுக் கூலிக்கும் கருத்தரங்குப் பயணத்துக்கும் உரிய சீட்டுகளைப் பேணி வைப்பதும் நன்று. விலக்குக் கேட்கும் நாளில் நம் வாதத்துக்கு வலுவூட்டுபவை அச்சீட்டுகளே.