கூலிக் கணக்கும் கணினி நிரலும்

கேமரன் மலையின் வடகோடியில், கிளந்தான் எல்லையை அடுத்த கம்போங் ராஜாவையும் அதன் பக்கத்துப் புளூ வேலி தேயிலைத் தோட்டத்தையும் அறிந்தவர்களுக்குக் கொழுந்து நிறுக்கும் வேளையின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து சரிவில் நின்று எடுத்த கொழுந்து தராசில் ஏறும் அந்தச் சில நிமிஷங்களில் எழுதப்படும் எண்ணே அன்றைய உழைப்புக்குச் சாட்சி. முன்பு கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் ஏறிய எண் இன்று தோட்டத் தொழிலெங்கும் கணினிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. அக்கணினிக்கு நாளை நிரல் எழுதப்போகிறவர்கள் நம் பிள்ளைகளாகவும் இருக்கலாமாதலால், அவர்களுக்கு எந்த முறையை முதலில் போதிப்பது என்பது வல்லுநர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விவகாரம் அன்று என்பது என் அபிப்பிராயம்.

நிரலாக்கத்தில் இரண்டு பெரிய சம்பிரதாயங்கள் உண்டு. 1960களில் ஆஸ்லோ நகரில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் படைத்த சிமுலா மொழியில் தோன்றி, அடுத்த பத்தாண்டில் ஆலன் கேயும் அவருடைய சகாக்களும் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியால் வளர்ந்தது பொருள்நோக்கு முறை. ஒன்றைப் பற்றிய தகவலையும் அத்தகவலை மாற்றும் அதிகாரத்தையும் ஓரிடத்தில் சேர்த்துக் காவலிட்டு வைப்பது அதன் சாரம். அலோன்சோ சர்ச் 1930களில் வகுத்த கணிதத்தில் வேரூன்றி, 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியில் உருக்கொள்ளத் தொடங்கியது சார்புமுறை. பெற்றுக்கொண்ட மதிப்பைத் திருத்தாமல் அதிலிருந்து புதியதொரு மதிப்பைக் கணித்துத் தருவதும், அதே கேள்விக்கு என்றும் அதே விடையைச் சொல்வதும் அதன் தர்மம். ஃபார்ட்ரான் மொழியைப் படைத்த குழுவின் தலைவரான ஜான் பாக்கஸே, 1977இல் டூரிங் விருது பெற்று ஆற்றிய உரையில், நினைவகத்தில் இருப்பதை ஓயாமல் மாற்றிக்கொண்டே போகும் மொழிகளைக் கடிந்து, இந்த இரண்டாம் வழிக்காக வாதாடினார்.

இனிக் கூலிக் கணக்குக்கு வருவோம். ஒரு பெண் எடுத்த கொழுந்து 62 கிலோ. பதிந்தவர் கைதவறி 26 என்று பதிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான நிரலில் ‘மொத்த எடை’ என்று ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொரு நாளும் அதில் கூட்டப்படும், மழையில் நனைந்த கொழுந்துக்குரிய கழிவு அதிலேயே கழிக்கப்படும், பழைய எண் மறைந்து புதிய எண் நிற்கும். மாதக் கடைசியில் அந்தப் பெண் வந்து கேட்டால், எந்த நாளில் என்ன நேர்ந்தது என்பதற்குக் கணினியிடமே விடை இராது. சார்புமுறையிலோ தேதி, எடை, கழிவு என்ற நாள்வரிகள் ஒருமுறை எழுதப்பட்டபின் மாற்றப்படுவதே இல்லை. பிழை கண்டால் திருத்தமும் ஒரு புதிய வரியாகவே சேரும். கூலி என்பது அவ்வரிகளையும் விகிதத்தையும் வாங்கி விடை சொல்லும் ஒரு சார்பு மாத்திரமே. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே முதல் தேதி 1,500 வெள்ளியாகவும், 2025 பிப்ரவரி முதல் தேதி 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தபோது (சிறு முதலாளிகளுக்குப் பிற்பாடு அமலுக்கு வந்தது), விகிதத்தை உள்ளேயே புதைத்து வைத்திருந்த நிரலில் பழைய மாதத்தை மறுபடி கணிப்பது எத்தனை சங்கடம்! விகிதத்தை வெளியிலிருந்து வாங்கும் சார்பு, ஜனவரிக்கு ஜனவரியின் விகிதத்தையும் மார்ச்சுக்கு மார்ச்சின் விகிதத்தையும் கொண்டு, இன்று கேட்டாலும் சரியான விடையைத் தரும். தொழிலாளியின் மகளே அந்த வரிகளை வாங்கித் தன் வீட்டில் கூட்டிப் பார்த்து, தாயின் சம்பளச் சீட்டோடு ஒப்பிடலாம். எனக்கு இது வெறும் நடைமுறை வசதியாகத் தோன்றவில்லை, நியாயமாகவே தோன்றுகிறது.

பொருள்நோக்கு முறையை நான் நிராகரிக்கவில்லை. நாள்வரிகளை யார் சேர்க்கலாம் என்ற காவலுக்கு அதைவிடச் சிறந்த உபாயம் அரிது. என் ஆட்சேபம் அதிலுள்ள மரபுரிமத்தைப் பற்றியது. ஒரே வகைப் பொருள்களுக்கு வார்ப்பாக நிற்கும் இனக்குழு ஒன்று, மற்றோர் இனக்குழுவின் இயல்புகளை வாரிசாகப் பெறுவதே மரபுரிமம். ‘தொழிலாளி’ என்ற இனக்குழுவை வகுத்து, அதன் வாரிசுகளாகக் ‘கொழுந்தெடுப்பவர்’, ‘ஆலைத் தொழிலாளி’ என்று கிளை பிரிப்பது பாடநூல்களுக்கு மிகப் பிரியமான பயிற்சி. காலையில் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, ஆள் குறைந்த அன்று மாலையில் ஆலையில் இலை உலர்த்தப் போகும் பெண்ணை எந்தக் கிளையில் வைப்பது? வேலை என்பது பிறப்பன்று. அவர் இன்று ஏற்ற பொறுப்பு. அதைத் தனியாக எழுதி அவரோடு இணைப்பதே சரி. வடிவமைப்பு மாதிரிகளைத் தொகுத்து 1994இல் நூலாக்கிய நால்வரும் மரபுரிமத்தைக் காட்டிலும் இணைப்பையே விரும்பும்படி அறிவுறுத்தினார்கள். அப்படியிருந்தும் வகுப்பறையில் மரபுரிமமே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் நான்காம் படிவக் கணினி அறிவியலில் ஜாவா மொழி பயிற்றப்படுகிறது. ஓர் இனக்குழுவைத் திறக்காமல் ஒரு வாக்கியத்தைக்கூட அச்சிட முடியாத மொழியாகவே அது நெடுங்காலம் இருந்தமையால், மாணவர் சார்பின் அழகைக் காண்பதற்குமுன் இனக்குழுவின் ஆசாரங்களை மனனம் செய்யவேண்டியதாயிற்று. ஆயினும் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க அவசியமில்லை. 2014இல் வந்த ஜாவா 8 பெயரற்ற சார்புகளையும், ஒரு பட்டியலைப் படிப்படியாக வடித்துக் கூட்டும் ஸ்ட்ரீம் வசதியையும் தந்தது. 2021இல் வந்த ஜாவா 16, எழுதியபின் புலங்களை மாற்ற இயலாத ரெக்கார்டு என்ற வகையை நிலைப்படுத்தியது. கம்போங் ராஜாவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு மாதத்துக் கொழுந்து எடையை நாள்வரியாகக் கொடுத்து, எதையும் அழிக்காமல் கூலி கணித்துக் காட்டும்படி அடுத்த பாடத்திலேயே கேட்கலாம். மரபுரிமம் ஆண்டின் இறுதிக்குப் போகட்டும்.