எழுபத்தைந்து வீடுகளை அளக்க எத்தனை நாள் ஆகும்?



அக்டோபர் பிறந்துவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நகராட்சி வசூல் மையங்களுக்கு உயிர் வந்துவிடும். மாதம் முடிவதற்குள் இரண்டாம் அரையாண்டு சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. தவறினால் மாதம் 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஏப்ரலிலும் இதே கதைதான். பழைய ரசீதை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நிற்கும் ஓய்வூதியர், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடி வந்த மளிகைக்காரர், மகன் வெளியூரில் இருப்பதால் தானே வந்த அம்மா என்று வரிசை நீளும். இந்த வரிசையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்து விழும்: “நாங்க கட்டுறோம், சரி. எங்க கவுன்சிலர் எவ்வளவு கட்டுறாரு?”

வம்புக்காகக் கேட்பதுபோல் தோன்றினாலும் அது நியாயமான கேள்வி. சொத்து வரியைக் குறைத்துக் கட்டும் அரசியல்வாதிக்குத் தண்டனை வேண்டுமா என்ற விவாதமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வேண்டும் என்பதே என் பதில். ஆனால் தண்டனைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் தண்டனையைப் பற்றிப் பேசினால் அது மேடைப் பேச்சாகவே முடியும்.

வரி கட்டாதவர் உள்ளாட்சிப் பதவிக்கு வரக் கூடாது என்பது நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நகராட்சிக்குத் தர வேண்டிய பாக்கிக்கு முறைப்படி பில்லோ நோட்டீஸோ கொடுத்து, கெடு முடிந்த பிறகும் கட்டாமல் இருந்தால் கவுன்சிலர் பதவிக்குத் தகுதியில்லை. அதனால்தான் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்ததும் வசூல் மையத்தில் கரைவேட்டிகள் தென்படுகின்றன. பல வருடப் பாக்கி ஒரே நாளில் தீர்ந்து, வேட்புமனுவோடு ‘நோ டியூ’ சான்றும் சேர்ந்துவிடுகிறது.

இந்த விதி பிடிப்பது கட்டாதவரை மட்டுமே. குறைத்துக் கட்டுபவர் இதில் அகப்படமாட்டார். அவருக்கு வரும் பில்லே சிறியது. அந்தச் சிறிய தொகையை அவர் ஏப்ரலிலேயே கட்டி, ஊக்கத்தொகையையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம். நகராட்சிக் கணக்கில் அவர் ஒரு முன்மாதிரிக் குடிமகன்.

பில் எப்படிச் சிறியதாகிறது? கட்டடம் எத்தனை சதுர அடி, எந்தப் பகுதி, குடியிருப்பா வணிகமா, எப்படிப்பட்ட கட்டுமானம், எத்தனை வயது என்பதையெல்லாம் வைத்துத்தான் வரி போடுகிறார்கள். இதில் ஏதாவது ஒன்று நழுவினால் போதும். கீழே கடை வாடகைக்கு விட்டிருப்பார், ஏட்டில் வீடு என்றே இருக்கும். மேலே இரண்டு மாடி எழும்பியிருக்கும், ஏட்டில் தரைத்தளம் மட்டும் இருக்கும். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் அளவிலேயே வராது.

2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட வரி உயர்வு இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கிவிட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக உயர்த்தினார்கள். சிறிய வீட்டுக்காரரைக் காப்பாற்றும் நல்ல நோக்கம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரின் வீடு உண்மையில் 2,000 சதுர அடி, ஏட்டில் 1,000. கணக்குக்காக அரையாண்டுக்குச் சதுர அடிக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உயர்வுக்கு முன் அவர் கட்ட வேண்டியது 2,000, கட்டியது 1,000. உயர்வுக்குப் பின் கட்ட வேண்டியது 4,000, கட்டுவதோ 1,500. நகராட்சியின் இழப்பு 1,000-லிருந்து 2,500 ஆகிவிட்டது. அளவை மறைத்தவருக்கு ஏழை வீட்டுச் சலுகையும் சேர்ந்து கிடைக்கிறது!

இந்தக் கணக்குப்படி இழப்பு வருடத்துக்கு ஐயாயிரம் ரூபாய்தான். 2023 ஜூலை முதல் நகராட்சிக் கவுன்சிலர்களுக்கு அரசு தரும் ஒரு மாத மதிப்பூதியமும் அதே ஐயாயிரம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். தொகையைவிட அதைக் கட்டாதவர் யார் என்பதுதான் இங்கே முக்கியம். உங்கள் தெருவுக்கு வரி உயர்வுத் தீர்மானம் வரும்போது மன்றத்தில் உட்கார்ந்து பேசுபவர் அவர். அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்குக் கால்வாய், எந்தத் தெருவுக்கு விளக்கு என்று கேட்டு வாங்குபவரும் அவர்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியபோது விழுப்புரம், திண்டிவனம் மக்கள் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தூர்வாராத கால்வாய்க்கு நிதி இல்லை என்று சொல்கிற மன்றத்தில் உட்கார்ந்திருப்பவரே அந்த நிதியைக் குறைத்தவராக இருந்தால் ஊருக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

இது வெறும் கற்பனை பயம் அல்ல என்பதற்கு மதுரை சாட்சி. மாநகராட்சி அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் வரியைக் கணினியிலேயே குறைத்துவிட்டார்கள் என்பது அங்கே எழுந்த புகார். 2024-இல் ஆணையரே கண்டுபிடித்துக் காவல்துறைக்குப் போனார். 2025 ஜூலையில் முதலமைச்சரின் உத்தரவுப்படி ஐந்து மண்டலத் தலைவர்களும் இரண்டு நிலைக்குழுத் தலைவர்களும் பதவி விலகினார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்கச் சொன்னது. ஆகஸ்டில் மேயரின் கணவர் கைதானார். அக்டோபரில் மேயர் இந்திராணி குடும்பச் சூழலைக் காரணம் காட்டி விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கட்டடங்களின் உரிமையாளர்கள் யாரும் பாக்கிதாரர் பட்டியலில் வந்திருக்கமாட்டார்கள். வந்த பில்லைக் கட்டியவர்கள் அவர்கள். பாக்கிப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மதுரை இன்றுவரை தெரிந்திருக்காது.

சரி, கவுன்சிலரின் வீட்டை யார் அளப்பது? பில் கலெக்டர். அவரை இடம் மாற்றச் சொல்லி அழுத்தம் தரக்கூடியவர் யார்? அதே கவுன்சிலர். 2025 செப்டம்பரில் திண்டிவனம் நகராட்சியிலிருந்து ஒரு காட்சி வெளியானது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் இளநிலை உதவியாளர் ஒரு பெண் கவுன்சிலரின் முன் மண்டியிட்ட காட்சி அது. அதன் மீது வழக்கு இருக்கிறது, இரு தரப்புக்கும் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. அந்த வழக்குக்கும் வரிக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அதைப் பார்த்த எந்தக் கடைநிலை ஊழியர் நாளை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு மன்ற உறுப்பினரின் மாடிப்படியில் ஏறுவார்? நிர்வாகத்தில் மக்கள் பிரதிநிதிகள் தலையிடக் கூடாது என்று கறாராக நின்று, அதனாலேயே சொந்தக் கட்சிக்காரர்களின் மனக்கசப்பைச் சம்பாதித்த ஓமந்தூரார் பிறந்தது இதே திண்டிவனம் வட்டாரத்தில்தான். 1947 முதல் 1949 வரை அவர் முதல்வராக இருந்த காலத்தின் அந்தக் கண்டிப்பு இப்போது மீண்டும் தேவைப்படுகிறது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, இரண்டு மாதமோ அதற்கு மேலோ வீட்டு வரி பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் வரவு செலவுத் திட்டத்தில் வாக்களிக்கக் கூடாது என்கிறது. கூட்டத்தில் அவரே எழுந்து அதைச் சொல்ல வேண்டும். மறைத்தால் குற்றம். 2025-இல் அந்நாட்டின் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர் ஹோவ் நகரில் வாங்கிய வீட்டுக்கு முத்திரைத் தீர்வையைச் சுமார் 40,000 பவுண்டு குறைத்துக் கட்டியது தெரியவந்தது. வீட்டு வசதித் துறையும் அவரிடம்தான் இருந்தது. அவர் நல்லெண்ணத்தோடுதான் நடந்தார், ஆனால் சொல்லப்பட்டபடி நிபுணரிடம் ஆலோசனை கேட்கவில்லை என்று விசாரித்த ஆலோசகர் எழுதினார். செப்டம்பர் 5 அன்று ரெய்னர் பதவி விலகினார். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் பதவியில் இருப்பவரின் வரிக் கணக்கைக் கேள்வி கேட்கலாம் என்பதை அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வரியோடு முரண்படும் உரிமை அரசியல்வாதிக்கும் உண்டு. 2020-இல் ஊரடங்கால் மூடிக்கிடந்த ராகவேந்திரா மண்டபத்துக்கு ஆறரை லட்சம் ரூபாய் வரியா என்று ரஜினிகாந்த் உயர் நீதிமன்றம் போனார். அப்போது அவர் அரசியலின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியதும் வழக்கைத் திரும்பப் பெற்று, அபராதத்தோடு கட்டினார், அனுபவமே பாடம் என்றும் எழுதினார். அது வெளிச்சத்தில் நடந்த தகராறு. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். இருட்டில் அளவைக் குறைப்பதைத்தான் தண்டிக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். விழுப்புரம் நகராட்சியில் 42 வார்டுகள், திண்டிவனத்தில் 33. ஆக 75 கவுன்சிலர்கள். அவர்கள் பெயரிலும் கணவன் அல்லது மனைவி பெயரிலும் ஊருக்குள் இருக்கும் கட்டடங்களை, பதவியேற்ற ஆறு மாதத்துக்குள், வேறு மாவட்டத்து அதிகாரிகள் வந்து அளக்கட்டும். ஒரு குழு தினம் ஐந்து கவுன்சிலர்களின் கட்டடங்களைப் பார்த்தாலும் பதினைந்து நாள் வேலை. அளவு, பயன்பாடு, அரையாண்டு வரி ஆகிய மூன்றையும் நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

வித்தியாசம் வந்தால்? முதலில் எல்லோருக்கும் உள்ளதுபோல் விடுபட்ட தொகையையும் வட்டியையும் கட்ட வேண்டும். பழைய அளவில் தவறு இருக்கிறது என்று தாமே முன்வந்து சொல்பவருக்கு அதோடு முடியட்டும். அப்பா கட்டிய வீட்டின் ஏட்டில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் இருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். கட்டும்வரை வரி, ஒப்பந்தம் சார்ந்த தீர்மானங்களில் வாக்களிக்கக் கூடாது என்பது இரண்டாவது படி. தெரிந்தே மறைத்தார், அல்லது ஊழியரை மிரட்டி அளவைக் குறைத்தார் என்று நிரூபணமானால் பதவி போக வேண்டும். இதுதான் மூன்றாவது.

ஆட்சி மாறினால் அளவு நாடா எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு மட்டும் போகும் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் அரசியலை அறிந்தவர்கள் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. அதனால்தான் சிலரைத் தேர்ந்தெடுத்து அளக்காமல் எல்லோரையும் அளக்க வேண்டும் என்கிறேன். பதவியைப் பறிக்கும் முடிவும் மன்றத்தின் பெரும்பான்மையிடமோ அமைச்சரிடமோ இருக்கக் கூடாது. நீதிமன்றத்திடம் இருக்கட்டும்.

எம்.எல்.ஏ., எம்.பி. பதவிகளுக்கு நிற்பவர்களைப் பொறுத்தவரை பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. வேட்புமனுவோடு அவர்கள் தரும் படிவம் 26-இல் சொத்து வரி பாக்கியைச் சொல்ல வேண்டும். வீட்டின் கட்டப்பட்ட பரப்பையும் சதுர அடியில் எழுத வேண்டும். பொய்யான தகவல் தந்தால் ஆறு மாதம் வரை சிறைக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் படிவம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கிறது. தேர்தல் ஆணையத்துக்குச் சொன்ன சதுர அடியும் நகராட்சிக்குச் சொன்ன சதுர அடியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதுவரை யாரும் இல்லை. ஒரு வருவாய் ஆய்வாளருக்கு அது ஒரு பிற்பகல் வேலை.

2022 பிப்ரவரியில் நாம் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு நிறைவடைகிறது. அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீர் பற்றி நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். அதோடு வரிவிதிப்பு எண்ணையும் கேளுங்கள். அதைக் கேட்கும் முன் உங்கள் ரசீதில் இருக்கும் சதுர அடியும் உங்கள் வீட்டின் சதுர அடியும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்க அதுதான் தகுதி. எண்ணைச் சிரித்த முகத்தோடு தந்த வேட்பாளர் யாராவது இருந்தால், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எங்களுக்கு எழுதுங்கள். அவரைப் பாராட்டி எழுத இந்தப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்